காலடிப்பேட்டைக்கு ஒரு கார்

திருவொற்றியூருக்கு ஜனங்கள் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. தியாகராஜ சுவாமியையும் வடிவுடையம்மனையும் தரிசிக்கப் போகிறவர்கள் ஒரு ரகம். கடற்கரையில் பட்டினத்தார் சமாதியைத் தேடிப் போகிறவர்கள் இன்னொரு ரகம். பெண் பார்க்கப் போகிறவர்களும், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கப் போகிறவர்களும் உண்டு. சமீபத்தில் ஒரு புதன்கிழமை விடியற்காலையில் நான் அந்தத் திக்கு நோக்கிக் கிளம்பியது ஒரு மோட்டார் காரை முன்னிட்டு. கார் வாங்குவதற்கு அல்ல. தவணை இன்னும் முடியாத ஸ்கூட்டர் ஒன்றே எனக்குப் போதும். வாங்கப் போகிறவருக்கு யோசனை சொல்வதற்காக!

வாங்கப் போகிறவர் என் பெரியம்மாவின் மகன். எனக்குப் பத்து வயது மூத்தவர். காலடிப்பேட்டையில் வீடு, தம்புச் செட்டித் தெருவில் ஆபீஸ். தொழில், கிளியரிங் ஏஜெண்ட். கப்பலில் வருகிற பிறத்தியார் சரக்குக்குக் காகிதம் தயார் செய்து, சுங்கத் தீர்வை கட்டி, துறைமுகத்துக்கு வெளியே கொண்டுவந்து ஒப்படைக்கிற வேலை. இருபது வருஷமாக ஊரார் சாமான்களையெல்லாம் கரையேற்றியவருக்கு, "நமக்கென்று ஒன்று வேண்டாமா?" என்ற எண்ணம் வந்ததில் ஆச்சரியம் என்ன?

வெறும் ஆசை மட்டுமல்ல, காரணமும் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எர்ணாவூரிலும் எண்ணூரிலும் மணலிப் பக்கத்து எண்ணெய் மழை வெள்ளத்தோடு சேர்ந்து வந்து வீட்டுச் சுவர்களிலெல்லாம் கறுப்புக் கோடு போட்ட சமயம். அண்ணனுடைய பழைய கார் தெருவில் நின்றபடியே முழங்கால் தண்ணீரில் ஊறிற்று. தண்ணீர் முழுதும் வடிவதற்குள் அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்தார். அவ்வளவுதான். எஞ்சின் காற்றை உறிஞ்ச வேண்டிய இடத்தில் தண்ணீரை உறிஞ்சிற்று. காற்றைப் போலத் தண்ணீர் அமுங்குமா? உள்ளே இருந்த தண்டுகள் வளைந்து போயின. "எஞ்சினுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருக்கிறீர்களா?" என்று இன்ஷூரன்ஸ்காரர் கேட்டார். எடுக்கவில்லை. அன்றைக்கு அண்ணன் மனத்தில் ஒரு உயரமான கார் வந்து நின்றது. நாள் ஆக ஆக அந்தக் காருக்கு உயரத்தோடு கூட வேகமும் வளர்ந்து கொண்டே போயிற்று!

இந்தச் சமயத்தில்தான் அவருடைய வியாபார நண்பர் ஒருவர் தம்முடைய காரை விற்கப் போவதாகச் சொன்னார். மூன்று வருஷம் ஓடிய கார். எட்டு சிலிண்டர், 600 குதிரைச் சக்தி. வெளிநாட்டில் முழுதாகச் செய்யப்பட்டுக் கப்பலில் வந்து இறங்கியது. வாங்கின விலையில் பாதிக்குத் தருகிறேன் என்றார். அந்தப் பாதி விலைக்கு, நம் நாட்டிலேயே பூட்டப்படுகிற ஆறு சிலிண்டர் கார் ஒன்று புத்தம் புதிதாகக் கிடைக்கும். எதை எடுப்பது? இதுதான் கேள்வி. (நண்பருடைய காரின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. அது விலை போகிற வரையில் மனுஷருக்கு நான் துரோகம் செய்யலாமா?)

அண்ணி டெலிபோன் செய்தாள். "தம்பி, நீங்க ஒரு நடை வந்து உங்க அண்ணன்கிட்டே பேசுங்க. மணலியிலே ஒரு கிடங்கு குத்தகைக்கு வருது. அதுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்னு வெச்சிருந்த பணம் இது. நீங்க பத்திரிகையிலே எழுதறவர், சொன்னா கேட்பார்."

பத்திரிகையில் எழுதுகிறவன் சொல்வதை அவன் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை என்பது அண்ணிக்கு எப்படித் தெரியும்? நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். "அண்ணே, அந்தக் காரை ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். வேலை நாளில், நம்ம ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம்." அண்ணன் ஒப்புக்கொண்டார்.

ராயபுரம் ஸ்டேஷன் வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்ட இடம் அது. வரிசையாகத் தூண்கள் தாங்கி நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு முன்னால் கரிய நிறத்தில் பளபளவென்று நின்றது கார். ரயில் வந்த புதிதில் ஜனங்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்களோ, அப்படித்தான் நானும் இதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நண்பர் தம் டிரைவரையும் கூடவே அனுப்பியிருந்தார். வயதான, அடக்கமான மனிதர். அண்ணன் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தார். பித்தானை அழுத்தியதும் உள்ளே ஏதோ ஒன்று கனைத்தது. டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் கிளாசைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்த ஜாதிக் கார்களின் பூர்வோத்தரத்தை இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மேடு பள்ளத்துக்கு உயரமான வண்டி, வேகத்துக்குத் தாழ்வான வண்டி என்பதுதான் மோட்டார் உலகத்தின் பழைய சம்பிரதாயம். பந்தயக் கார் செய்து பெயரெடுத்த போர்ஷ் கம்பெனியார் 2002-ல் கேயன் என்ற உயரமான காரைக் கொண்டுவந்து இந்தச் சம்பிரதாயத்தை உடைத்தார்கள். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1948-ல் டிராக்டர் செய்து தொழில் தொடங்கிய ஒரு இத்தாலியரின் பெயரைத் தாங்கிய லம்போர்கினி கம்பெனியார்கூட 2017-ல் ஊரூஸ் என்று ஒன்றை வெளியிட்டார்கள். 650 குதிரைச் சக்தி. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 3.6 விநாடி. "ஊரூஸ்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லி முடிப்பதற்குள் அது தெருமுனை தாண்டியிருக்கும்!

நாங்கள் தெருமுனை தாண்ட அவ்வளவு சீக்கிரத்தில் முடியவில்லை. காசிமேட்டில் ஏலம் முடிந்து மீன் வண்டிகள் வெளியேறும் நேரம். ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு ஆட்டோ எங்களை உரசினாற்போல் போயிற்று. கறுப்புக் கதவில் உப்புத் தண்ணீர் கோலம் போட்டது. "மீன் தண்ணியை உடனே கழுவணும் சார், இல்லாட்டி பெயிண்ட் போயிடும்" என்றார் டிரைவர். அப்புறம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. எந்தப் புண்ணியவான் இந்தப் பெயரை வைத்தாரோ! ஒரு பக்கம் கடல். கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவே கருங்கல் குவியல். 1881-ல் கடலுக்குள் கரம் நீட்டிய துறைமுகம் மணலின் போக்கை மறித்துக்கொண்டது. தெற்கே மெரீனா வளர்ந்தது. வடக்கே ராயபுரம் முதல் கடல் கரையைத் தின்னத் தொடங்கிற்று. அந்தப் பசிக்குத்தான் இவ்வளவு கல்லையும் போட்டிருக்கிறார்கள். காற்று அடிக்கும்போது உப்புச் சாரல் ரோடு வரைக்கும் வந்து விழுகிறது. இரும்பாலான எந்த வஸ்துவுக்கும் இந்தக் காற்று ஆகாது. இங்கே கார் வைத்திருக்கிறவர்கள் மேலே பாலிஷ் போடுகிறார்களோ இல்லையோ, அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் விட்டு அலம்பியே தீர வேண்டும்.

இன்னொரு பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் வரிசை. தலை எங்கே, வால் எங்கே என்று தெரியவில்லை. கன்டெய்னர் என்பது எட்டடி அகலம், அதாவது 2.44 மீட்டர். எங்கள் கார் கண்ணாடிகளை மடக்கின பிறகு 2 மீட்டர். உலகத்தின் சரக்கெல்லாம் அடங்கும் பெட்டிக்கும், ஐந்து பேர் போகிற காருக்கும் ஒன்றரை அடிதான் வித்தியாசம்! இரண்டு லாரிகளுக்கு நடுவில் சின்னக் கார்கள் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்தன. எங்கள் 600 குதிரைகளும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றன.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். வெளியே லாரிகள் அலறிக்கொண்டிருந்தபோது உள்ளே கோவில் கர்ப்பக்கிருகம் போல நிசப்தம். ஆசனம் தாயின் மடி மாதிரி. நாலு பக்கத்தையும் மேலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் காமிரா இருந்ததால்தான் டிரெய்லரின் மூலையில் இடிக்காமல் தப்பினோம். பிரேக்கைத் தொட்டால் போதும், தரையில் ஆணி அடித்தாற்போல் நிற்கிறது. அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். கல்யாண மாப்பிள்ளையின் முகம் அது!

தண்டையார்பேட்டை தாண்டியதும் 'டொக்' என்று ஒரு சப்தம். முன் சக்கரத்தின் காற்று குறைகிறது என்று விளக்கு எரிந்தது. இந்த ரோட்டில் இது அபூர்வமல்ல. லாரிகளிலிருந்து உதிரும் போல்டும் ஆணியும் பொறுக்கினால் ஒரு இரும்புக் கடை வைக்கலாம். ஓரமாக ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் பெரிய பெரிய லாரிச் சக்கரங்களைச் சோடா மூடி போலக் கழற்றிப் போடுகிறவர். எங்கள் டயரைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"இது டயரா சார், இல்லே வளையலா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. பின் சக்கரத்து டயரின் பக்கவாட்டில் 315/30 என்று எழுதியிருந்தது. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் டயரின் பக்கச் சுவர் உயரம் என்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்பதரை சென்டிமீட்டர்கூட முழுசாக இல்லை. 22 அங்குலச் சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருக்கிற மெத்தை இவ்வளவுதான். அதே ஜாதியில் 19 அங்குலச் சக்கரம், 265/50 டயர் என்றால் பதின்மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும். பார்வைக்குப் பெரிய சக்கரம் கம்பீரம்தான். பள்ளத்துக்குக் கம்பீரம் தெரியாது, விளிம்பைத்தான் தெரியும். வாங்கும்போது யாரும் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. நீங்களே குனிந்து டயரைப் படித்துக் கொள்ள வேண்டியதுதான்.

"ஸ்டெப்னியை எடுங்க" என்றார் கடைக்காரர்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். ஸ்டெப்னி கிடையாதாம். இந்த ஜாதிக் கார்கள் பலவற்றில் கிடையாது. பசை மருந்தும், காற்றடிக்கும் சின்ன யந்திரமும்தான். நல்ல வேளையாக ஆணி நடுப்பகுதியில் ஏறியிருந்தது, அடைத்துவிட்டார். பக்கச் சுவரில் ஏறியிருந்தால் டயரையே மாற்ற வேண்டியதுதான் என்றார். "போன வருஷம் நாலையும் மாத்தினோம்" என்று டிரைவர் மெதுவாகச் சொன்னார். "அந்தக் காசிலே ஒரு புல்லட் வாங்கியிருக்கலாம் சார்."

இதை அவர் திருவொற்றியூர் எல்லையில் நின்று சொன்னார் என்பதுதான் வேடிக்கை. என்ஃபீல்டு கம்பெனி புல்லட்டைப் பூட்ட ஆரம்பித்தது இந்தத் திருவொற்றியூரில்தான். பெட்ரோல் டாங்கில் ஓடும் அந்தத் தங்கக் கோட்டைக் கையாலேயே இழுக்கிற கலைஞர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டயர் விஷயமும் அப்படித்தான். 1946-ல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகை போட்டு, குழந்தைகள் ஊதுகிற பலூன் செய்யத் தொடங்கினார். பலூன் வளர்ந்து 1961-ல் டயராயிற்று. எம்.ஆர்.எஃப். என்று நாம் சொல்வது அதைத்தான். பலூனிலிருந்து டயர் வரைக்கும் செய்த ஊரில் எங்களுக்கு ஒரு ஸ்டெப்னி இல்லை!

திருவொற்றியூர்த் தேரடியைத் தாண்டும்போது அண்ணன் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. இந்தக் கோவில் மகிழ மரத்தடியில்தான் சுந்தரர் சங்கிலியாருக்கு, "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று சத்தியம் செய்து கொடுத்தார். பிறகு திருவாரூர் ஞாபகம் வந்து எல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணும் போயிற்று. கார்க் கடன் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் முதலில் அந்த மகிழ மரத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு வருவது நல்லது. ஐந்து வருஷம், ஏழு வருஷம் என்று நாம் செய்து கொடுக்கிற சத்தியம் அது. அண்ணனிடம் சொன்னேன். "காலங்கார்த்தாலே அபசகுனமாப் பேசாதே" என்றார்.

எண்ணூரில் பெரியப்பா ஏறிக்கொண்டார். விடிந்ததும் பழைய சிநேகிதர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தாராம். எண்ணூர் லாரிக் கம்பெனியில் 1972-ல் பிட்டராகச் சேர்ந்து 2008-ல் ஓய்வு பெற்றவர். கார் நின்றதும் உள்ளே ஏறவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து அடியில் எட்டிப் பார்த்தார். பிறகு எஞ்சின் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தால் எஞ்சின் தெரியவில்லை. ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான் தெரிந்தது.

"கை விட இடமில்லையேடா" என்றார். அவ்வளவுதான் அவருடைய விமரிசனம்.

தொழிற்சாலை மதிலோரமாகப் போகும்போது அவர் சொன்ன கதையை நீங்களும் கேட்க வேண்டும். இன்றைக்கு லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர் போன அசோக் லேலண்டு, 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று பிறந்தபோது செய்ய நினைத்தது லாரி அல்ல, கார். ரகுநந்தன் சரண் தம் மகன் அசோக்கின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்டின் ஏ40 கார்கள் பாகம் பாகமாகக் கப்பலில் வந்து, 1949-ல் இந்த எண்ணூரில் பூட்டப்பட்டன. அப்புறம்தான் லேலண்டு லாரி. 1955-ல் பெயரும் மாறிற்று. பெரியப்பா சேர்ந்த காலத்தில், ஆஸ்டினைப் பூட்டின கைகள் இரண்டொன்று அங்கே பாக்கி இருந்தனவாம்.

"அந்த ஆஸ்டின் எத்தனை குதிரை தெரியுமா? நாற்பது. அதிலே டாக்டர் போனார், வக்கீல் போனார், குடும்பம் குட்டியோடு திருப்பதிக்குப் போனாங்க. இது எத்தனை?"

"அறுநூறு" என்றார் அண்ணன்.

"பதினைஞ்சு ஆஸ்டின்" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா ஜன்னல் வழியாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அன்றைக்கு ஆஸ்டினைப் பெட்டியில் கொண்டுவந்து இங்கே பூட்டினார்களே, அதே சூட்சுமம்தான் இன்றைக்கும் இந்தக் கார்களின் விலையை நிர்ணயிக்கிறது. முழுக் காராகக் கப்பலிலிருந்து இறங்கினால், காரின் விலைக்குச் சமமாகவும் அதற்கு மேலும் சுங்கத் தீர்வை என்பது பல வருஷமாக இருந்துவந்த வழக்கம். பாகங்களாக வந்து இங்கே பூட்டினால் தீர்வை மிகக் குறைவு. செங்கல்பட்டுப் பக்கம் 2007-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் தொழிற்சாலை திறந்தது இதற்காகத்தான். ஒரே உதாரணம் சொல்கிறேன். அவர்களுடைய எக்ஸ்5 காரின் 600 குதிரை அவதாரம் 2020-ல் முழுதாக இறக்குமதியாகி வந்தபோது, ஷோரூம் விலை 1 கோடியே 95 லட்சம் ரூபாய். இங்கே பூட்டின எக்ஸ்5, 2023-ல் புது உருவம் எடுத்தபோது ஆரம்ப விலை 94 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டிக்கு 381 குதிரை. 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 5.4 விநாடி. அண்ணன் கண் வைத்திருந்த புதுக் காரும் ஏறக்குறைய இந்த ரகம்தான். பெரிய அவதாரத்துக்கு நாலு விநாடிக்குள். ஒன்றரை விநாடி வித்தியாசத்துக்கு ஒரு கோடி! விநாடிக்கு இவ்வளவு விலை வைத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வரிக் கணக்கையும் பார்த்துவிடலாம். பெரிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவிகிதம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி விலையில் 20 சதவிகிதம். புதுக் கார் வாங்கினால் இதையெல்லாம் அண்ணன் கொடுக்க வேண்டும். நண்பருடைய காருக்கோ வரியெல்லாம் அவரே கட்டியாகிவிட்டது. பழைய கார் பக்கத்தில் இருக்கிற பலமான நியாயம் இது. அண்ணன் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். தீர்வைக்காரர் மூளை அல்லவா! ஆனால் உத்தரவாதக் காலம் முடிந்த இறக்குமதிக் காரில் ஒரு பாகம் கெட்டால், அந்தப் பாகத்துக்கு வேறு தீர்வை கட்டிக் கப்பலில் வரவழைக்க வேண்டுமே! காரை வாங்கினவர் பாதி விலைக்கு விற்கிறார். பாகம் விற்கிறவர் பாதி விலைக்குக் கொடுப்பாரா? நான் இதைக் கேட்டபோது டிரைவர் இருமினார்.

எண்ணூரிலிருந்து திரும்பி மணலி வழியாக மீஞ்சூர் ரோட்டைப் பிடித்தோம். வழியில் எங்களுக்கு எதிரே, காமராஜர் துறைமுகத்துக்குச் சின்னச் சின்னக் கார்களை இரண்டு அடுக்காகச் சுமந்துகொண்டு லாரிகள் போயின. 2001-ல் எண்ணூர்த் துறைமுகமாகத் திறக்கப்பட்டு, 2014-ல் பெயர் மாறிய இடம். 2010-லிருந்து ஓரகடத்துக் கார்கள் இங்கிருந்து கப்பலேறுகின்றன. மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு கார்களும் ஏறின. 2021-ல் அந்தக் கம்பெனியார் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தார்கள். சர்வீஸ் தொடரும் என்று அவர்கள் சொன்னபோதிலும், பெரிய எண்டவர் கார் வைத்திருந்தவர்களுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்காது.

மீஞ்சூர்ப் பக்கம் வெளிவட்டச் சாலை. அகலமான, காலியான சாலை. அண்ணன் என்னைப் பார்த்தார். பெரியப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் காலை அழுத்தினார்.

வாசகர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதுகு ஆசனத்தோடு ஒட்டிக்கொண்டது. வயிறு மீஞ்சூரிலேயே நின்றுவிட்டது. எட்டு சிலிண்டரும் ஒரே குரலில் பாடிற்று. சாலையோரத்து மரங்களெல்லாம் பின்னால் ஓடின. நாலைந்து விநாடிதான்; அனுமதித்த வேகம் வந்ததும் அண்ணன் காலை எடுத்துவிட்டார். ஒருவரும் பேசவில்லை. நான் கிடங்கு, குத்தகை, அண்ணி எல்லாவற்றையும் மறந்து, "இன்னொரு தரம் அண்ணே!" என்று சொல்ல வாயெடுத்தேன். யோசனை சொல்லப் போனவன் லட்சணம் இது!

திரும்பும்போது மறுபடியும் லாரி வரிசை. திரையில் பெட்ரோல் கணக்கு தெரிந்தது: புறப்பட்டதிலிருந்து லிட்டருக்கு நாலு கிலோமீட்டருக்கும் கீழே. மூன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. அதில் அந்தக் கார் தன் முழுப் பலத்தையும் காட்டினது நாலைந்து விநாடி.

காலடிப்பேட்டைக்கு வந்தோம். 1717-லிருந்து 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த காலெட் துரை நெசவாளர்களைக் குடியேற்றின இடம். காலெட்பேட்டை நம் வாயில் புகுந்து காலடிப்பேட்டை ஆயிற்று. தறிக்கும் கட்டை வண்டிக்கும் என்று போட்ட தெருக்களில் இரண்டு மீட்டர் காரைத் திருப்புவது எப்படி? காமிரா நாலு பக்கமும் கூவிற்று. மின்சாரக் கம்பம் ஒன்று குறுக்கே நின்றது. கடைசியில் காரை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்தோம்.

பெரியம்மாவை அழைத்துக்கொண்டு வந்து காட்டினார் அண்ணன். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. ஆட்டோவில் ஏறுவதற்கே ஒரு கை பிடிக்க வேண்டும். டிரைவர் ஒரு பித்தானை அழுத்தினார். கார் பெருமூச்சு விட்டு, யானை மண்டியிடுவதுபோல் மெல்லத் தாழ்ந்தது. பெரியம்மா ஒருவர் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இது ஒண்ணு நல்லாயிருக்குடா" என்றாள். "இந்தக் குனியறது மட்டும் தனியாக் கிடைக்குமா?"

நாங்கள் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை. புதுக் காரின் விலைப் பட்டியலை எடுத்து, காற்றினால் ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் அதில் உண்டா என்று தேடத் தொடங்கினார்.

அப்புறம் இரண்டு வாரம் சேதி இல்லை. நண்பருடைய கார் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குப் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது. அண்ணன் ஆறு சிலிண்டர் புதுக் காருக்கு முன்பணம் கட்டினார். 19 அங்குலச் சக்கரம்தான் வேண்டும், குனிகிற வசதி வேண்டும், இன்ஷூரன்ஸில் எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று மூன்று விஷயத்தைக் காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டாராம். மணலிக் கிடங்கை அண்ணி இவ்வருஷத்துக்கு விட்டுக் கொடுத்திருக்கிறாள். விட்டுக் கொடுத்ததை வாரத்துக்கு ஒரு தரம் ஞாபகப்படுத்தவும் செய்கிறாள்.

கார் வந்த அன்று நானும் போயிருந்தேன். எலுமிச்சம் பழம் நசுக்கி, பெரியம்மா கற்பூரம் காட்டினாள். நல்ல கார்தான். ஆனாலும் அண்ணன் என்னைத் தனியாக அழைத்து, "அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்குடா" என்றார். நான் பதில் சொல்லவில்லை. என் காதிலும் அது இருந்தது.

பெரியப்பா அதற்குள் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போய்விட்டார். டிக்கியின் தரையைத் தூக்கிப் பார்த்தார். காரைக் கொண்டுவந்து விட்ட பையனைக் கூப்பிட்டார்.

"ஸ்டெப்னி எங்கேப்பா?"

பையன் பணிவாக விளக்கினான். பசை மருந்து இருக்கிறது, காற்று யந்திரம் இருக்கிறது, டெலிபோன் செய்தால் ஆள் வருவார் என்றெல்லாம் சொன்னான். பெரியப்பா கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "தண்டையார்பேட்டை பஞ்சர் கடைக்காரர் நம்பரை வாங்கினியாடா?" என்றார்.